மேஜர் முடித்த பிறகுதான்

எங்கள் பேராசிரியரின் கீழ் எட்டுப் பேர்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. நான் எம்.ஃபில். முடித்துவிட்டு விண்ணப்பத்தோடு அவர் அறைக்குள் போனபோது எட்டு இடமும் நிரம்பியிருந்தது. அதில் இரண்டு பேர் கல்லூரி வேலைக்குப் போய், ஆய்வை மறந்துவிட்டு, பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஒருவர் துபாயில் இருந்தார். மற்றவர்கள் இன்னும் களப்பணிக்கான கேள்வித்தாளே தயாரிக்கவில்லை. எட்டாவது ஆள், ராணுவத்திலிருந்து படிப்பு விடுப்பில் வந்திருந்த ஒரு மேஜர்.

"மேஜர் ஒருத்தர்தாம்மா முடிப்பார். ஸ்டடி லீவு ரெண்டு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் பட்டாளத்துல விடமாட்டாங்க. அவர் தீசிஸ் குடுத்த அன்னைக்கு உன் பேரு உள்ள வந்துரும். அதுவரைக்கும் துறையில உதவியாளா இரு. அவருக்குக் களப்பணியில ஒத்தாசை பண்ணு" என்றார் பேராசிரியர்.

இதை வீட்டில் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. அய்யாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான், எம்.ஏ.யில் முதல் வகுப்பு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் எம்.ஏ.வுக்கு மேலும் ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு யாரோ ஒரு ராணுவ அதிகாரி எழுந்து இடம் விட வேண்டும் என்றால் யாருக்குப் புரியும்? அம்மா தனக்குப் புரிந்த மாதிரி தெருவில் சொல்லிவைத்தாள்.

"மேஜர் படிச்சு முடிச்சாத்தான் இவ படிப்பாளாம். இவ படிச்சு முடிச்சாத்தான் கல்யாணமாம். எம்மக கழுத்துல தாலி ஏறுறது எவனோ ஒரு பட்டாளத்தான் கையில இருக்குடி."

அதற்குப் பிறகு ஊரே மேஜரை விசாரித்தது. காலை பஸ்ஸின் கண்டக்டர் படிக்கட்டிலேயே பிடித்துக்கொள்வார். "என்ன டீச்சரம்மா, மேஜர் பாஸாயிட்டாரா?" நான் டீச்சரும் இல்லை. அதைத் திருத்துவதையும் சில மாதங்களில் விட்டுவிட்டேன். திருமங்கலத்தில் ஒரு பஸ் மாறி, மதுரையில் ஒரு பஸ் மாறி, மேற்கே மலையடிவாரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் இறங்கும்போதே ஒரு நாள் வேலை பார்த்த களைப்பு இருக்கும். சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும்.

மேஜர் குடகுக்காரர். தமிழ்ச் சிப்பாய்களோடு பல வருஷம் இருந்து, அவர்களிடமே தமிழ் கற்றவர். அதனால் அவருடைய தமிழில் 'நீங்கள்' கிடையாது. கெட்ட வார்த்தைகள் நிறைய உண்டு; வாய்வரை வந்ததை என்னைப் பார்த்ததும் விழுங்கிக்கொள்வார். பேராசிரியரிடமே ஒருமுறை "நீ சொல்லு சார்" என்றார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

ஓய்வுபெற்ற சிப்பாய்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. சிப்பாய்க்கு முப்பத்தைந்து வயதுக்குப் பக்கத்திலேயே ஓய்வு வந்துவிடுகிறது. "மாலை போடுவோம், சாயா குடுப்போம், ரயில் ஏத்தி விடுவோம். அப்புறம் அவன் என்ன ஆனான்னு எங்கள்ல எவனுக்கும் தெரியாது" என்றார் முதல் நாள். அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

திருமங்கலத்துக்கு மேற்கே வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. முதல் ஊருக்கு முன்னாள் படைவீரர்கள் சங்கத்தின் மூலம் மேஜர் சொல்லியனுப்பியிருந்தார். நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் மெடல், புதிதாக மழித்த தாடை. மேஜரைக் கண்டதும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் "சாவ்தான்!" என்று இந்தியில் அட்டென்ஷன் சொல்லிக் கத்தினார். வேட்டி கட்டிய கால்கள் ஒன்றாகச் சேர்ந்தன. வேலியோரம் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

மேஜர் யோசிக்கவே இல்லை. வரிசையின் முன்னால் போய் நின்று, கேள்வித்தாளைக் கையில் பிடித்து, ஒவ்வொரு கேள்வியாக உரத்துக் கேட்டார்.

"வருமானம் போதுதா?"

"போதுது சாப்!"

"வீட்டுல சண்டை சச்சரவு?"

"இல்லை சாப்!"

"அரசாங்கத்துகிட்டே குறை ஏதாவது?"

"குறை இல்லை சாப்!"

வரிசையின் கடைசியிலிருந்து பிந்திவந்த ஒரு குரல் மட்டும் தனியாக "இல்லை சாப்" என்றது. மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த ஊர் முடிந்தது. எம்.ஃபில்.லுக்கு ஒரு கேள்வித்தாளை நிரப்ப ஒரு பொழுது முழுக்க எடுத்துக்கொண்டவள் நான். மேஜர் ஒவ்வொருவர் தோளிலும் தட்டிவிட்டு, "பார்த்தியா, வேலைன்னா இப்படி நடக்கணும்" என்றார். அடுத்தடுத்த ஊர்களும் அப்படியே நடந்தன. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் இந்த வேகத்தில் போனால் அவர் சீக்கிரம் முடிப்பார் என்ற கணக்கும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தாள்கள் அனைத்தும் பேராசிரியர் மேஜைக்குப் போயின. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லா ஆளும் ஒரே மாதிரி திருப்தியா இருக்கான். பக்கத்து வீட்டுக்காரன் மேல கூடவா ஒருத்தனுக்கும் புகார் இல்ல? மேஜர், நீங்க சர்வே எடுக்கல. பரேடு எடுத்திருக்கீங்க."

மேஜரின் முகம் சிவந்துபோயிற்று. விடுப்பில் பாதி கரைந்துவிட்டிருந்தது. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் அவராகவே பேசினார்.

"எங்ககிட்டே தர்பார்னு ஒண்ணு உண்டு. பெரிய ஆபீசர் எல்லாரையும் உட்கார வச்சு, யாருக்காவது கஷ்டம் இருக்கான்னு கேப்பார். ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். திறந்தா அவன் ஹவில்தாருக்கு அவமானம், கம்பெனிக்கு அவமானம். நானும் திறந்ததில்லை."

"அது தெரிஞ்சும் ஏன் சார் வரிசையில நிக்க வச்சீங்க?"

"நான் எங்கே நிக்க வச்சேன்? அவனுங்களா நின்னானுங்க. நின்னுட்டா கேக்கணும். அதான் பழக்கம்."

இனிமேல் நான் தனியாகப் போவது என்று முடிவாயிற்று. பங்குனி வெயில். பஸ் போகாத ஊர்களுக்குத் தார் ரோட்டிலிருந்து இறங்கி நடக்க வேண்டும். கரிசல் மண்ணின் சூடு செருப்பைத் தாண்டி ஏறும். ஒரு வீட்டில் ஆள் இல்லை என்றால் மறுபடி ஒரு நாள், மறுபடி இரண்டு பஸ். ஊருக்குள் போனால் முதலில் நான் யார் வீட்டுப் பெண், எந்த ஊர், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்ற என் பேட்டி முடிய வேண்டும். அதன் பிறகுதான் அவர்கள் பேட்டி.

ஆண்கள் என்னிடமும் அதே பதிலைத்தான் சொன்னார்கள், 'சாப்' மட்டும் இல்லாமல். பேசியவர்கள் பெண்கள். முதலில் பேசியவர், பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்த ஒருவரின் மனைவி. கணவர் ஓய்வுபெற்று வந்து மதுரையில் ஒரு வங்கியில் இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பகலில் உள்ளே தூங்கினார். அந்த அக்கா வாசலில் பருத்தியில் தூசி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மைதானத்துல நின்னு 'இல்ல சாப்'னு கத்தினாரே, அவரு சொன்னது ஆபீசருக்கு. நான் சொல்றது ஒனக்கு. எம் பேரு போட்டீன்னா ஒங்க ஊருக்கே தேடி வந்து அடிப்பேன்."

"பேரு போட மாட்டேங்க்கா. நம்பர் மட்டுந்தான். ஆனா ஆபீசர் படிப்பாரு."

"நம்பரப் படிச்சுட்டுப் போகட்டும்."

அவர் பேசப் பேச நான் எழுதினேன். கணவர் பட்டாளத்தில் இருந்தபோதே பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். பிள்ளைகள் அவர் வந்தால் வேறு பக்கம் போய்விடுகின்றன. "விடியுமுன்ன எந்திரிச்சு எல்லாத்தையும் வரிசையா அடுக்குங்கறாரு. பருத்திச் சாக்க எப்படித்தா வரிசையா நிப்பாட்டுறது? அது சாயத்தான் செய்யும்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாசாமாசம் பட்டாளக் கேன்டீன்ல ரம்மு சல்லிசாக் குடுப்பாக. இவரு பழனிக்கு மால போட்டதுலருந்து தொடுறதில்ல. ஆனா ஒரு மாசங்கூட வாங்காம விட்டதில்ல. சீலு ஒடையாத மிலிட்டரி சரக்குன்னா மோட்டாருக்காரரு, காண்ட்ராக்டருன்னு நான் நீன்னு வருவாக. எம்மக எட்டாவது படிக்கிறா பாரு, அது அந்தப் பாட்டிலு படிக்க வைக்குது."

அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்து தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். என் படிப்புக்கு அய்யா விற்றது பருத்தியும் ஆட்டுக்குட்டிகளும்.

அந்த ஊரில் மட்டுமல்ல, போன எல்லா ஊர்களிலும் இந்த விஷயம் கடைசியில், குரல் தாழ்ந்து, வந்தது. சிலருக்குக் கடைச் சாமான், சிலருக்கு வைத்தியம், சிலருக்கு உழவுக் கூலி. கேன்டீன் சரக்கை வெளியே விற்பது குற்றம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் கொண்டுவந்ததை வைத்து மேஜர் நான்காம் அத்தியாயத்தை எழுதினார். எழுதி முடித்த அன்று என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஆபீசரா இதைப் படிச்சா நான் ரிப்போர்ட் பண்ணணும். தெரிஞ்சும் சும்மா இருந்தா அது என் குத்தம். ஆய்வு பண்றவனா படிச்சா இது ஒண்ணுதான் இதுல நிஜம். இப்போ நான் யாரு?"

"லீவு முடியற வரைக்கும் ஆய்வாளர் சார்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பேராசிரியர் படித்துவிட்டு, "இப்பத்தான் இது தீசிஸ்" என்றார். ஆனால் பணியில் இருக்கும் அதிகாரி எதையும் தலைமையகத்தின் அனுமதியில்லாமல் வெளியே கொடுக்க முடியாதாம். பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதும் வெளியே கொடுப்பதுதானாம். ஆனி மாதம் முழுப் பிரதி ஒன்று டெல்லிக்குப் போயிற்று.

அதன் பிறகு காத்திருந்தோம். நான் என் வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான வேலை அந்தக் காத்திருப்புதான் என்று இப்போதும் தோன்றுகிறது. தினமும் மூன்று பஸ் ஏறிப் போய், மேஜரின் முகத்தைப் பார்த்து, கேட்காமலே பதில் தெரிந்துகொண்டு, துறை நூலகத்தில் தூசி தட்டிவிட்டுத் திரும்புவேன். என்னோடு எம்.ஏ. படித்தவர்கள் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் கப்பலூர்ப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு வந்துபோனது.

"தை வரைக்கும் பொறுப்பாகளாம். அதுக்குள்ள ஒம் மேஜரு முடிப்பாரா, மாட்டாரா?" என்றாள் அம்மா.

"டெல்லியில இருந்து சரின்னு தாக்கல் வரணும்மா."

"டெல்லிக்காரனுக்கு ஒன்னய ஏன் தெரியணும்?"

அய்யா இடையில் புகுந்து, "விடு, மழை வரலேன்னா காத்திருக்கோமில்ல" என்றார். ஆனால் அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. இரண்டு வருஷமாகப் பெண்ணை எங்கே அனுப்புகிறோம் என்று பங்காளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கார்த்திகையில் பதில் வந்தது. மேஜரின் விடுப்பில் ஒரு மாதம் போல மிச்சம். நான்காம் அத்தியாயத்தில் சொல்லப்பட்டவர்கள் யார், எந்தெந்த ஊர் என்று தெரிவிக்க வேண்டும். இல்லையேல் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டுச் சமர்ப்பிக்கலாம்.

மேஜர் என் மேஜைக்கு முன் வந்து நின்றார். உட்காரவில்லை.

"கேக்கணும்னு உத்தரவு. கேக்கறேன். அந்த நம்பருக்கெல்லாம் பேர் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன் சார்."

"குடுப்பியா?"

"மாட்டேன்."

"சரி. கேட்டுட்டேன்." அவர் தோள்கள் தளர்ந்தன. நான் மறுக்க வேண்டும் என்றே அவர் வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. "அப்போ அத்தியாயத்தை எடுத்துரலாம். வேற வழி இருந்தா நீயே சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. வெயிலில் நடந்தது நான். ஆனால் கோபத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அத்தியாயத்தை எடுத்தால் அவர் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவார், கொடுத்தால் எனக்கு இடம் வரும்.

ஒரு அத்தியாயத்தை எடுப்பது என்றால் தாள்களை உருவிப் போடுவது என்று நினைத்திருந்தேன். ஆரப்பாளையத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில், பஸ் ஹாரன்களுக்கு நடுவே, பத்து நாள் போல அந்த வேலை நடந்தது. ஐந்து நான்காக வேண்டும், ஆறு ஐந்தாக வேண்டும். எல்லாப் பிரதிகளிலும் பக்க எண்ணை வெள்ளை மை வைத்து அழித்து, காயவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். 'நான்காம் அத்தியாயத்தில் கண்டபடி' என்ற வரி எங்கெங்கோ ஒளிந்திருந்தது. ஒன்றை எடுத்தால் அடுத்த பத்தி தொங்கியது. மேஜர் வரிவரியாகப் படிப்பார், நான் அடித்துக் காட்டுவேன், தட்டச்சுக்கார அக்கா திருத்துவார்.

"ஏம்மா, இதுக்குப் புதுசா ஒரு புக்கே அடிச்சிருக்கலாம்" என்றார் அவர், விரல்களைச் சொடுக்கியபடி.

முடிவுரையில் கேன்டீன் பற்றிய பத்தி போனதும், சிப்பாய்கள் பொதுவாகத் திருப்தியாக இருக்கிறார்கள் என்பதுதான் மிஞ்சியது. மேஜர் அந்த இடத்தில் நிறுத்தி, அதை இன்னொரு முறை படித்துவிட்டு, "அடுத்த பக்கம்" என்றார்.

மார்கழியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அந்த வாரமே அவருக்கு எங்கோ வடக்கே போஸ்டிங். புறப்படும்போது துறை வாசலில் என்னிடம், "உனக்கு இடம் வந்துருச்சு. நல்லா எழுது. என்னை மாதிரி மேலே கேட்டுட்டு எழுதாதே" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அன்று பஸ்ஸில் கண்டக்டரிடம் நானாகவே சொன்னேன்: "மேஜர் குடுத்துட்டாருண்ணே." அவர் விசிலடித்தார். "அப்ப ஒனக்கு எப்ப?" என்று பின் சீட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்.

தையில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுத் தலைப்பு கேட்டார். நான் பருத்தி எடுக்கும் பெண்களைப் பற்றி யோசித்து வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "மேஜர் விட்ட அத்தியாயத்தை நீ எடுத்துக்கோயேன். தகவல் பூரா உன் கையில இருக்கு. உனக்கு எந்தத் தலைமையகமும் கிடையாது. ஒரு வருஷம் மிச்சம்" என்றார்.

ஒரு வருஷம். அந்தச் சொல் என்னை எப்படி இழுத்தது என்று சொல்லி விளங்காது. அம்மாவுக்கு, கப்பலூர்க்காரர்களுக்கு, என் கால்களுக்கு, எல்லோருக்கும் அது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பேச்சை வேறொருவர் படிப்புக்காகத்தான் கேட்டு வாங்கியிருந்தேன். மாசி மாதம் நாயக்கின் மனைவியிடம் கேட்கப் போனேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "கேன்டீன்ல புதுச் சட்டம் போட்டாக, தெரியுமா? போன மாசத்துக் காலிப் பாட்டிலக் குடுத்தாத்தான் இந்த மாசத்து நெறஞ்ச பாட்டிலு."

"எப்பருந்துக்கா?"

"ஆவணிலருந்து. இப்பப் பாட்டில விக்க முடியாது. வேற எதுலயாச்சும் ஊத்தித்தான் குடுக்கணும். சீலு ஒடச்ச சரக்க எவன் நம்புவான்? தண்ணி கலந்துட்டோம்னு பாதி வெலைக்குக் கேக்குறான்." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீ எழுதுனதாலயா?"

ஆனியில் பிரதி டெல்லிக்குப் போனது. ஆவணியில் சட்டம் வந்தது. வேறெங்கோ யாரோ புகார் செய்து வந்ததாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியாது.

"தெரியலக்கா. இருக்கலாம்."

அவர் திட்டவில்லை. மடியில் கிடந்த பஞ்சைப் பிரித்துக்கொண்டே பேசினார். "பேரு போட மாட்டேன்ன, போடல. அதுல ஒன்னயக் குத்தஞ் சொல்ல மாட்டேன். ஆனா பேரு போட்டிருந்தா எங்க ஒரு வீட்டோட போயிருக்கும்."

மகளைக் காணவில்லை. கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருக்கிறாள் என்றதும் மூச்சு வந்தது. இந்த வருஷத்து ஃபீஸை எப்படியோ கட்டியாகிவிட்டதாம். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்க்க வேண்டுமாம்.

"சரி, இப்ப எதுக்கு வந்த?"

"நீங்க சொன்னத என் பேர்ல எழுதலாமான்னு கேக்க வந்தேன்."

"எழுதுனா பழைய சட்டம் திரும்பி வருமா?"

"வராதுக்கா."

"அப்ப என்னதான் வரும்?"

"எனக்குப் பட்டம் வரும்."

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். உள்ளே தூங்கியவர் புரண்டு படுத்தது கேட்டது. "அதயாச்சும் ஒளிக்காமச் சொன்னியே. வேணாந் தாயி. ஒருக்காச் சொன்னதே போதும்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். மறுக்கும் தெம்பு இல்லை.

மறுநாள் பேராசிரியரிடம் பருத்தியைத்தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். "ஒரு வருஷம் வீணாகுதேம்மா, யோசிச்சியா?" என்றார். யோசித்தாயிற்று என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இடம் கெடச்சிருச்சுய்யா. பேரு எழுதியாச்சு."

"இன்னும் எம்புட்டு வருசம் தாயி?"

"மூணாச்சும் ஆகும்."

"மேஜரு ரெண்டுல முடிச்சாரே?"

"அவருக்குப் பாதிய எடுத்துட்டாங்கய்யா. நான் முழுசா எழுதப் போறேன்."

அவருக்கு என்ன புரிந்ததோ, வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். கப்பலூர்க்காரர்களுக்கு அந்த வாரமே ஆள் போயிற்று. அவர்கள் அதற்கு மேல் பொறுக்கவில்லை. அம்மா என்னோடு சில நாள் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது, அவள் எடுக்கும் பருத்தியைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கெல்லாம் வேண்டுமென்றே எடக்காகப் பதில் சொன்னாள்; எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

இது மூன்றாவது வருஷம். பட்டியலில் எட்டாவதாக இருப்பது என் பெயர். இன்னும் ஐந்து ஊர் பாக்கி இருக்கிறது. நாளைக்குக் கள்ளிக்குடிப் பக்கம் போக வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் பருத்தி எடுப்புக்காரர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள்.